இரவல் நூலும் காத்திருப்பும்

ஸ்ரீவராகத்து ஆட்களுக்குப் பாளையம் நூலகம் தூரமில்லை. கிழக்கேகோட்டை போனால் பஸ் உண்டு. சுவாதித் திருநாள் காலத்தில், 1829-இல் தோன்றிய நூலகம் அது. 1898-இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. அங்கே தமிழ் நூல்களும் உண்டு. நாம் தேடும் நாவலை வேறொருவர் கொண்டுபோயிருந்தால், அவர் திருப்பித் தரும்வரை காத்திருக்கணும். இருப்பது ஒரு பிரதி, யாரைக் குறை சொல்ல?

ஆனால் அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள், நூலக மின்னூலுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இருப்பதற்கு என்ன க்யூ என்று நானும் கேட்டதுண்டு. விஷயம் இதுதான்: பெரிய பதிப்பகங்கள் நூலகத்துக்கு மின்னூலை விற்பதில்லை, உரிமம்தான் தருகின்றன. பெரும்பாலும் ஓர் உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே வாசகர். 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ், 26 இரவலோடு உரிமம் முடியும், பிறகு புதிதாக வாங்கணும் என்றது. பாளையத்துக் காகித நூலோ 27-ஆவது ஆளுக்கும் கிடைக்கும். அட்டை கிழிந்தால் பைண்டிங் போட்டால் தீர்ந்தது. 2019 நவம்பரில் மேக்மில்லன் இன்னும் ஒருபடி மேலே போனது. புது மின்னூலா, முதல் எட்டு வாரம் ஒரு நூலக அமைப்புக்கு ஒரே பிரதி! ஊர் எவ்வளவு பெரிதானாலும் அவ்வளவுதான். நூலகங்கள் எதிர்த்தன, 2020 மார்ச்சில் அந்த விதி போனது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது. இந்த உரிம ஏற்பாடு அதற்கு நேர் விரோதம் என்பேன்.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள்: லிப்பி செயலியில் முறை வந்தும் படிக்க நேரமில்லையா, நூலைப் பிறகு தரும்படி தள்ளிவைக்கலாம். அது அடுத்தவருக்குப் போகும். நம் இடமும் பறிபோகாது.