அமைதியும் நீடித்த வளர்ச்சியும்: பிள்ளைகளுக்கு எங்கிருந்து கற்றுக்கொடுப்பது?

செவ்வாய்ப்பேட்டையில் மாலை மக்தப் வகுப்பு முடிந்த ஒரு நாள், பத்து வயதுப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஹஜ்ரத், எதிர் வீட்டுப் பையனோடு இனிமேல் விளையாடக் கூடாதா? போனில் அப்படித்தான் வந்திருக்கிறது."

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியை அவனும் பார்த்திருக்கிறான். எங்கோ நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சம்பவம், இங்கே கூடப் பம்பரம் விட்ட நண்பனை அந்நியனாக்கிவிட்டது. "அந்தப் பையன் உனக்கு என்ன கெடுதல் செய்தான்?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை" என்றான். "அப்படியானால் நாளைக்கும் போய் விளையாடு" என்று அனுப்பினேன். இவன் கேட்டுவிட்டான். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் எத்தனை பேர்?

உலகம் சொல்வது

1987ஆம் ஆண்டு ஐ.நா. ஆணையம் வெளியிட்ட பிரண்ட்லண்ட் அறிக்கை, நீடித்த வளர்ச்சி என்பதற்கு விளக்கம் தந்தது. இன்றைய தேவைகளை நாம் நிறைவேற்றிக்கொள்ளும்போது, நாளைய தலைமுறையின் பங்கைப் பறித்துவிடக் கூடாது என்பதே அதன் சாரம். 2015 செப்டம்பரில் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகளில் நான்காவது, கல்வி. அதன் ஏழாவது உட்பிரிவு, நீடித்த வளர்ச்சியையும் அமைதிப் பண்பாட்டையும் ஒன்றாகக் கற்பிக்கச் சொல்கிறது. 2023 நவம்பரில் யுனெஸ்கோ தன் 1974ஆம் ஆண்டுப் பரிந்துரையைப் புதுப்பித்து, அமைதி, மனித உரிமை, நீடித்த வளர்ச்சி மூன்றையும் கல்வியின் வழியே இணைத்தது.

இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறார்கள்? தண்ணீர் குறைந்தால் குழாயடியில் சண்டை வருகிறது. சண்டை வந்த ஊரில் ஏரியைத் தூர்வார யாரும் ஒன்று சேர்வதில்லை. ஒன்று கெட்டால் மற்றதும் கெடும்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டம் அமைதிக் கல்வியை வலியுறுத்தியது. எல்லா வகுப்புகளிலும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இதற்கென்றே யுனெஸ்கோவின் மகாத்மா காந்தி கல்வி நிறுவனம் 2012இல் புதுதில்லியில் அமைந்தது.

தமிழகத்தில் ஒரு முன்மாதிரி

திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. அங்குள்ள கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே மாணவர்களுக்குச் 'சாந்தி சேனா' என்ற அமைதிப் பயிற்சி உண்டு. மாணவர்கள் கிராமங்களில் சென்று தங்கி, மக்களோடு சேர்ந்து வேலை செய்வதும் படிப்பின் ஒரு பகுதி.

இதன் வேர் காந்தியடிகளின் ஆதாரக் கல்வி. 1937 வார்தா மாநாட்டுக்குப் பின் அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் உசேன். கைத்தொழிலின் வழியே கல்வி என்பது அதன் மையக் கருத்து. அமைதிக் கல்வி நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கல்ல என்பதற்கு இதுவே சான்று.

மார்க்கம் கற்றுத்தருவது

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம், தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என எச்சரிக்கிறது. பதின்மூன்றாம் வசனம், மனிதர்கள் பல சமூகங்களாக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்கிறது. அந்தப் பையனின் கேள்விக்கான பதில் இந்த இரண்டிலும் இருக்கிறது. பிள்ளைகள் இந்த அத்தியாயத்தை மனப்பாடம் செய்கிறார்கள். பொருளை நாம் சொல்லிக்கொடுக்கிறோமா?

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு தண்ணீரில் உளூச் செய்ததாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. முத்து என்பது ஓர் அரபு அளவை. ஷாஃபிஈ கணக்கில் முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஹனஃபி கணக்கில் ஏறக்குறைய ஒரு லிட்டர். நம் பள்ளிவாசல் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே உளூச் செய்பவர் எத்தனை முத்து செலவழிக்கிறார்? மரம் நடுவோருக்கு, அதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்பதெல்லாம் தர்மம் என்றும் ஹதீஸ் உண்டு. உண்பவர் யார் என்று அங்கே மதம் பிரிக்கப்படவில்லை.

நம் ஊரே பாடப்புத்தகம்

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. நகரைக் கடக்கும்போது சாக்கடையும் சாயக் கழிவும் சேர்ந்து ஆறு கறுத்துப்போகிறது. நாம் இங்கே கொட்டுவது கீழே இருக்கும் விவசாயியின் வயலுக்குப் போகிறது. ஆனால் கண்ணங்குறிச்சிப் பக்கத்து மூக்கனேரியை 2010இல் பொதுமக்கள் கூடிச் சீரமைத்தார்கள். நினைத்தால் முடியும் என்பதற்கு ஆற்றங்கரையும் ஏரிக்கரையும் இரண்டு பாடங்கள்.

நம் தெருக்களில் செய்யும் வெள்ளிக் கொலுசையே பாருங்கள். கம்பி இழுப்பவர், வளையம் கோப்பவர், பற்ற வைப்பவர், மெருகு போடுபவர் எனப் பல கைகள் மாறித்தான் அது கடைக்கு வருகிறது. ஒரு கை நின்றாலும் கொலுசு இல்லை. "இதில் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

வீட்டிலும் மக்தபிலும் செய்யக்கூடியவை

• ஒரு லிட்டர் அளந்து கொடுத்து, பிள்ளைகளை அதில் உளூச் செய்யப் பழக்கலாம்.
• செய்தி ஒன்று வந்தால் யார் சொன்னார், எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளை வீட்டில் வழக்கமாக்கலாம். பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது.
• பெருநாள் பிரியாணியை அண்டை வீட்டுக்குப் பிள்ளைகள் கையாலேயே கொடுத்தனுப்பலாம். அவர்களுக்குப் பழக்கமான உணவா என்று முன்பே கேட்டுக்கொள்வது மரியாதை.
• வலீமா விருந்தில் தட்டில் மிஞ்சுவதைப் பெரியவர்கள் முதலில் குறைக்க வேண்டும். பிள்ளைகள் நாம் சொல்வதைவிடச் செய்வதையே பார்க்கிறார்கள்.

அந்தப் பையனும் அவன் நண்பனும் மறுநாள் தெருவில் மறுபடி பம்பரம் விட்டார்கள். பெரியவர்களாகிய நாம் போனில் வந்ததை விசாரித்திருந்தால், அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

நம் பிள்ளைகளைப் பிறருக்குப் பயன் தருவோராக வல்ல இறைவன் ஆக்குவானாக! ஆமீன்.