ஒரே ஊசி, இரு விடைகள்

பி.சி.ஜி. தழும்பு இருந்தால் காசநோய் அண்டாது என்று பெற்றோர் பலர் நம்புகின்றனர். வாரக்கணக்கில் இருமும் பிள்ளையையும் அந்நம்பிக்கையில் பள்ளிக்கு அனுப்புவோர் உளர். அத்தழும்பின் வரலாறோ வேறு கூறுகிறது.

பிரெஞ்சு அறிஞர்களாகிய கால்மெத்தும் கெரேனும் மாட்டுக் காசநோய்க் கிருமியை, உருளைக்கிழங்கும் பித்தநீரும் சேர்ந்த ஊடகத்தில் 13 ஆண்டுகள், 230 முறை மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்தனர். 1921இல் பாரிசில் முதற் குழந்தைக்கு அது வாய்வழி புகட்டப்பட்டது. 1950இல் பிரிட்டனில் 14, 15 வயது மாணவரிடையே தொடங்கிய ஆய்வில், ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது அளவுக்குப் பாதுகாப்புக் கிட்டியது.

ஆனால், 1968இல் தமிழகத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவேயில்லை! பதினைந்து ஆண்டுகள் கவனித்தும் முடிவு மாறவில்லை. வெப்பநாட்டு மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகள் உடலை முன்னரே பழக்கிவிடுவதால் ஊசியின் பயன் குன்றுகிறது என்பது அறிஞர் பலரின் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அப்படியாயின் ஊசி வீணா? அன்று. காசநோயால் வரும் மூளைக்காய்ச்சலிலிருந்து கைக்குழந்தைகளை அது நன்கு காக்கிறது. பிறந்தவுடன் போடுவது அதற்காகவே. பள்ளிப் பருவத்தில் மீண்டும் போடுவதற்குத்தான் போதிய சான்று கிட்டவில்லை. சிங்கப்பூர் 2001இல் அம்மறு ஊசியை நிறுத்திவிட்டது.