பிறனும் அயலானும்: ஊவாத் தோட்டங்களில் ஒரு போதனையின் வரலாறு



கிறிஸ்து பெருமானின் போதனை முழுவதையும் இரண்டே கட்டளைகளுள் அடக்கிவிடலாம். இறைவனை முழு உள்ளத்தோடும் நேசித்தல் ஒன்று. தன்னை நேசிப்பதுபோல அடுத்தவனையும் நேசித்தல் மற்றொன்று. இவ்விரண்டும் அவர் புதிதாக இயற்றியவை அல்ல. முன்னது உபாகமத்திலும் பின்னது லேவியராகமத்திலும் தனித்தனியே கிடந்தவை. அவற்றை எடுத்து ஒன்றோடொன்று பிணைத்து, ஒன்றை விட்டால் மற்றொன்று நில்லாது என்று காட்டியதே அவர் செய்த புதுமை.

முதற் கட்டளையில் ஐயத்துக்கு இடமில்லை. இரண்டாவதில்தான் சிக்கல், அந்த அடுத்தவன் யார்? தமிழிலோ இச்சிக்கல் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. சீர்திருத்தத் திருச்சபையார் நெடுங்காலமாக வாசித்துவரும் தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்தில் வரும் சொல் 'பிறன்' என்பது. பிற்காலத்துப் பொது மொழிபெயர்ப்போ 'அடுத்திருப்பவர்' என்று பெயர்த்தது. பிறன் என்றால் நம்மவன் அல்லாதவன். அடுத்திருப்பவர் என்றால் நம் வேலிக்கு அப்பால் அடுப்பு மூட்டுகிறவர். இவை இரு வேறு ஆட்களைக் குறிப்பனபோலத் தோன்றும். ஊவா மாகாணத்திலோ இவ்விரு சொற்களும் ஒரே மனிதனைச் சுட்டி நின்றன. துரையின் பங்களாவிலிருந்து பார்த்தால் லயம் கூப்பிடு தூரம். லயத்திலிருந்து பார்த்தால் சிங்களக் கிராமத்தின் வயல் ஓர் ஓடைக்கு அப்பால். எல்லாரும் அடுத்திருப்பவர், எல்லாரும் பிறர்.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதைச் சற்றே பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிப் பயிருக்காகத் தென்னிந்தியத் தமிழர் மன்னார்க் கரையில் இறக்கப்பட்டு, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடத்தி வரப்பட்டனர். பதுளைப் பகுதிக்கு வர வேண்டியவர்கள் அதன் பின்னரும் மலையேறி நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே விழுந்தவர் பலர். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனையும், அவனைக் கண்டும் விலகிப்போன சமயப் பெரியார்களையும், நின்று காயங்கட்டிய சமாரியனையும் பற்றி இயேசு கூறிய உவமையை அறியாதார் இலர். அதை அவர் கூறியதே, அடுத்தவன் யார் என்று ஒருவன் கேட்ட கேள்விக்கு விடையாகத்தான். நம் வடபாதையிலோ விழுந்து கிடந்தவன் ஒருவனல்லன். அவனைக் கடந்துபோனவர் தொகையும் சிறிதன்று.

பதுளை நகரிலே தூய மாற்கு தேவாலயம் 1857இல் எழுந்தது. 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்ட கோயில் அது. ரொஜர்ஸ் ஊவாவிலே பாதைகள் அமைத்தவர். ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்ற பெயரும் பெற்றவர். அருளும் கொலையும் அக்காலத்தார் மனத்தில் எப்படி ஒருங்கே குடியிருந்தன என்பது வியப்புக்குரியதே.

தோட்டங்களுக்குள் போதனை சென்றது வேறொரு வழியாலே. 1854ஆம் ஆண்டளவில், கண்டியை மையமாகக் கொண்டு, 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற அமைப்பு அங்கிலிக்கன் சபைசார்ந்து தோன்றியது. பெயரிலேயே அதன் பெருமையும் குறையும் சேர்ந்திருப்பதைக் காணலாம். தமிழனைத் தேடிவந்தது பெருமை; தேடிவந்தும் அவனைக் கூலியாகவே கண்டது குறை. பிற்காலத்தில் அப்பெயரைக் கைவிட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்கள் வருவிக்கப்பட்டனர். தோட்டந்தோட்டமாக அவர்கள் நடந்தார்கள். பகலெல்லாம் மலையில் நின்றவர்களுக்கு மாலையிலே லயத்து வாசலில் வேதம் சொன்னார்கள்; பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மலையகத்துக் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் இந்த உபதேசியார்களை மறந்து முதலேட்டைத் தொடங்குதல் நன்றியாகாது.

ஆயினும் இப்பணிக்குப் பணம் கொடுத்தவர்களுள் முதன்மையானோர் தோட்டத் துரைமாரே. தோட்டத்துக்குள் கால்வைக்கவும் அவர்கள் அனுமதி வேண்டும். அந்நாளிலே தொழிலாளியைக் கட்டியிருந்த கயிறு கடன். வழிச்செலவு முதலாகக் கங்காணி கொடுத்த முற்பணம் அவன் தலையில் ஏறும். அக்கடனைப் புதிய துரை ஏற்றுக்கொண்டால் மட்டும் 'துண்டு' பெற்று வேறு தோட்டத்துக்கு அவன் போகலாம். கடன் தீர்ந்தாலன்றி விடுதலை இல்லை. கடனோ எளிதில் தீர்வதில்லை. படியளப்பவருடைய பற்றுவரவேட்டைப் பற்றி உபதேசியார் எங்ஙனம் வாய்திறப்பார்? ஆகவே இறைவனிடத்து அன்பு விரிவாகப் போதிக்கப்பட்டது. அயலானிடத்து அன்பு, தொழிலாளி தொழிலாளியிடம் காட்டவேண்டிய நற்குணமாகச் சுருங்கிற்று. துண்டு முறையை ஒழிக்க 1921ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. குறைந்தபட்சக் கூலிக்கு 1927ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் சாமுவேல் லாங்டன் என்னும் வெஸ்லியன் குருவானவர் ஊவாவுக்கு வந்து பணி தொடங்கினார். கண்டியிலே பெண்கள் உயர்தரப் பாடசாலையை 1879இல் நிறுவியவர் இவரே. பாடசாலை, வைத்தியம், வழிதவறிய சிறுவர்க்குத் தொழிற்கல்வி என்று அவருடைய பணி விரிந்தது. காய்ச்சலில் கிடப்பவனிடம் நீ எந்தச் சமயத்தான் என்று வைத்தியன் கேட்பதில்லை. தோட்டத் தமிழருள் மிகப்பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் வழிபடும் சைவர். கதிர்காமம் இருப்பதும் ஊவாவிலேயே. கிராமத்தவரோ முதியங்கனையையும் மகியங்கனையையும் போற்றும் பௌத்தர். இவர்கள் நடுவே சிறுதொகையினரான கிறிஸ்தவர்க்கு இரண்டாவது கட்டளை தம் சபைக்கு வெளியேயுள்ளவரைப் பற்றியதாகவே பெரும்பாலும் அமைந்தது.

சுதந்திரத்துக்குப் பின் கேள்வி இன்னும் கூர்மையாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுவதாய் நின்றது. அயலான் யார் என்ற வினாவுக்கு இவ்வாறு எண்கணிதத்தால் விடையளிக்கப்பட்டது.

இக்காலத்தில்தான் லியோ நாணயக்கார ஆண்டகை பதுளைக்கு வந்தார். ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான இவர் 1959 முதல் கண்டியின் ஆயராயிருந்தவர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பங்குகொண்டவர். 1972 டிசம்பர் 18ஆம் நாள் கண்டியிலிருந்து பிரிக்கப்பட்டுப் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கல்லூரிகளும் செல்வாக்கும் நிறைந்த கண்டியைத் தாமே விரும்பி விட்டு, கத்தோலிக்கர் மிகக் குறைந்த, வறிய பதுளையைக் கேட்டுப் பெற்றார். ஒரு சிங்கள ஆயர், தமிழ்த் தொழிலாளர் நிறைந்த மலைக்கு இறங்கிவந்தார் என்பதா, ஏறிவந்தார் என்பதா? இரண்டும் பொருந்தும்.

அவர் வந்த வேளை கொடிய வேளை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. நிலச் சீர்திருத்தத்தால் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. கைமாறிய தோட்டங்கள் சிலவற்றில் லயத்தவர் துரத்தப்பட்டனர். மக்களின் வாழ்வை அறியாத குருவால் பயனில்லை என்று கருதிய ஆயர், பண்டாரவளையிலே 'சேவக செவன' என்ற குருமடத்தை நிறுவினார். அங்கு பயின்றோர் நூல்களோடு நில்லாது, கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்களோடு வாழ்ந்து கற்க வேண்டியிருந்தது. முதற் கட்டளையை இரண்டாவதன் உரைகல்லில் தேய்த்துப் பார்த்த முயற்சி அது. 1982இல் அவர் மறைந்தார்.

அக்குருமடத்தில் கற்பித்தவர் மைக்கேல் ரொட்ரிகோ அடிகளார். இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்ற அறிஞர். 1980இல் புத்தளைக்கு அருகிலுள்ள பௌத்த சிங்களக் கிராமம் ஒன்றில், மண் மணக்கும் எளிய வீட்டில் குடியேறினார். 'சுப செத் கெதர' என்று அதற்குப் பெயர். நல்வாழ்த்து இல்லம் எனலாம். எவரையும் மதம் மாற்ற அவர் போகவில்லை. பிக்குகளோடும் உழவரோடும் அமர்ந்து பேசினார். அவர்களுடைய நிலத்துக்கும் உரிமைக்கும் துணைநின்றார். 1987 நவம்பர் 10ஆம் நாள், திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இறைவழிபாடும் அயலான் அன்பும் ஒரே நேரத்தில், ஒரே மேசையருகே முடிவுற்றன.

இன்னும் ஒரு செய்தி. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்நாள்களிலே நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் உணவும் உடையும் வந்து குவிந்தன. விகாரையிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் கோயிலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் வந்தன. சமாரியர்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தார்கள் என்றால் மிகையன்று. ஆனால் அம்மலை சரியக்கூடும் என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. உவமையிலே சமாரியன் வந்தது கள்வர் போன பின்பு. இங்கோ கள்வர் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. மண் விழுமுன்னரே அக்குடும்பங்களைப் பாதுகாப்பான நிலத்துக்குக் கொண்டுசெல்வதற்கு யாருடைய அன்பு போதியதாயிருந்திருக்கும் என்பதை நம் மாணவர்கள் வகுப்பிலே கேட்கிறார்கள்.

உயிர் தப்பியோர் முதலிலே பாடசாலைகளிலும், பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்கியிருந்தனர். மக்கல்தெனியாவில் அவர்களுக்கென்று கட்டிய 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம்.