நிலம் பாட்டான வரலாறு

பறையையும் யாழையும் நிலத்துக்கு உரிய பொருள்களாக எண்ணிய இலக்கணம் தொல்காப்பியம். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றுடன் இவ்விரண்டையும் அது கருப்பொருளில் சேர்க்கிறது. பின்வந்த உரைகாரர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று வகுத்துச் சொன்னார்கள். காளையை அடக்கும்போது முழங்குவது ஒரு பறை, மீன் பிடிக்கும்போது முழங்குவது இன்னொன்று. நிலத்தின் அழகைவிட அங்கு நடக்கும் தொழிலே தமிழ்ப் பாட்டில் முதலில் காதில் விழுகிறது. பின்னாளில் வந்த பல மாற்றங்களுக்கும் அடியில் இந்தப் பழக்கம் தொடர்ந்து ஓடுகிறது.

இதற்கு மிக நிறைவான சான்று மலைபடுகடாம். பத்துப்பாட்டில் 583 அடிகளில் அமைந்த இந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னனின் செங்கம், இன்றைய தருமபுரி மாவட்டத்துக்குக் கிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. இசைக்கருவிகளைப் பையில் கட்டிச் சுமந்துகொண்டு மலை வழியே செல்லும் ஒரு கூத்தர் குழுவுக்கு வழி சொல்வதாக நூல் நகர்கிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், பதலை, யாழ் என்று முதலில் அவர்களுடைய கருவிகள் வரிசையாக வருகின்றன. பிறகு மலையின் ஒலிகள். அருவி விழும் ஓசை, தினைப்புனத்தில் கிளி விரட்டும் தட்டையின் ஓசை, தேன் எடுத்த குறவரின் ஆரவாரம், புலி பாய்ந்து புண்பட்ட கணவனைக் காக்க மனைவி பாடும் பாட்டு, உலக்கை இடிப்போடு சேர்ந்த வள்ளைப்பாட்டு, குட்டியைப் பறிகொடுத்த மந்தியின் கதறல், யானையைப் பழக்குவோர் அதட்டும் பேச்சு, கரும்பாலையின் இரைச்சல். மலையை ஒரு பெரும் யானையாகக் கொண்டு, அதன் உடலில் சுரக்கும் மதமாக இந்த ஒலிகள் அனைத்தையும் புலவர் காண்கிறார். குழுவின் கருவிகளும் மலையின் ஒலிகளும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது. இசைக்கப் போகிறவர்கள் முதலில் நிலத்தைக் கேட்டாக வேண்டும்.

அதே மலைத்தொடர்களின் மேற்குப் பக்கம் தகடூர் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட இந்நாடுதான் இன்றைய தருமபுரி. ஒளவையாரும் பாணரும் விறலியரும் அவன் வாயிலுக்கு நடந்து வந்த வழிகளைப் புறநானூறு காட்டுகிறது. இம்மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், பென்னாகரத்துக்குத் தெற்கே, காவிரியை ஒட்டிக் கிடக்கிறது ஏரியூர். ஒரு பக்கம் காடும் குன்றும், மறுபக்கம் ஆறு, நடுவே மழையை நம்பிய மேட்டு நிலம். கேழ்வரகும் நிலக்கடலையும் அறுத்து, காடு கழனி ஓய்ந்து கிடக்கும் கோடையில்தான் இந்த வட்டாரத்தில் கூத்துக் காலம்.

தருமபுரி, சேலம் பகுதிகளின் தெருக்கூத்தில் காட்சித் திரைகள் கிடையாது. மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் இருந்தால் போதும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்க, அதன் பின்னிருந்து வேடக்காரர் தன்னை அறிமுகம் செய்து பாடுவார். துணி விலகியதும் ஊர்ப் பொட்டல் அரசவையாகிவிடும், அடுத்த பாட்டில் வனமாகிவிடும். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் நடக்கும் ஊர்களில் இது இன்னும் விரிகிறது. அர்ச்சுனன் தபசு அன்று ஊருக்கு வெளியே நட்ட உயரமான மரமே கைலாயம். அர்ச்சுனன் வேடக்காரர் படி படியாக ஏறிக்கொண்டே பாடுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம் பழத்தையும் விபூதியையும் பிடிக்கக் கீழே மடி ஏந்தி நிற்பார்கள், அவர்களில் பிள்ளைவரம் கேட்டு வந்த பெண்களும் இருப்பார்கள். படுகளத்தன்று தரையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் போர் முடியும். அந்த ஒரு நாளுக்கு ஊர் மண்ணே குருக்ஷேத்திரம்.

நிலம் கைவிட்டுப் போவதும் பழைய பாட்டுப்பொருள்தான். பறம்பு மலையை மூவேந்தரிடம் இழந்த பாரி மகளிரின் பாடல் புறநானூற்றில் இருக்கிறது. ஏரியூர்ப் பக்கமும் அத்தகைய இழப்பைக் கண்டது. 1925 இல் தொடங்கி 1934 இல் முடிந்த மேட்டூர் அணை, காவிரிக் கரை ஊர்கள் பலவற்றை நீருக்கடியில் கொண்டுபோனது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில், ஏரியூர்ப் பக்கத்து நாகமரைக்கு எதிர்க்கரையான பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே தெரியும். இரண்டு கரைக்கும் இடையே பரிசலில் போய்வந்தவர்களுக்கு அது பழகிய காட்சி.

இருபதாம் நூற்றாண்டில் நிலத்துக்கும் இசைக்கும் இருந்த உறவு ஆராய்ச்சிக்கு உரிய பொருளானது. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917 இலும், விபுலானந்தரின் ‘யாழ் நூல்’ 1947 இலும் வெளிவந்தன. பழைய பண்களை இன்றைய இராகங்களோடு பொருத்தும் வேலைக்கு இவை வழி திறந்தன. குறிஞ்சிப் பண்ணில் அமைந்த தேவாரத்தை ஓதுவார்கள் இன்று அரிகாம்போதியில் பாடுகிறார்கள். ஆனால் பண்ணின் பெயர் மலையை நினைவூட்டினாலும் கேட்பவர் காதில் மலை வருவதில்லை.

நிலத்தை மீண்டும் பாட்டுக்குள் இழுத்தவர்கள் திரைப்படத்துக்கு வெளியே இயங்கிய இசைக்குழுக்களும் பாடகர்களும். தமிழுக்கு முன்பே இதே காரியத்தை ஆஸ்திரேலியாவில் 1980களின் குழுக்கள் செய்தன. பெர்த் நகரின் ‘தி டிரிஃபிட்ஸ்’ 1986 இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆளற்ற நெடுஞ்சாலைகளைப் பாட்டாக்கியது. ‘மிட்நைட் ஆயில்’ பழங்குடியினருக்கு அவர்களுடைய பாலைநிலத்தைத் திருப்பித் தரச் சொல்லி 1987 இல் பாடியது. ‘யோத்து யிண்டி’ யோல்ங்கு பழங்குடி மக்களின் சடங்குப் பாட்டையே ராக்கோடு சேர்த்தது.

தமிழில் அந்த இடத்துக்கு வந்தது 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்கு பாடல்’. கபேர் வாசுகி எழுதியதைக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடினார். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழியில், கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் அது படமாக்கப்பட்டது. சபா மேடைக்குப் பழகிய ஆனந்தபைரவி இராகம் சென்னைப் பேச்சுத் தமிழில், யாருக்கும் தனிச்சொத்தாகாத பொது நிலத்தைப் பற்றிப் பேசியது. 2018 இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் பறையையும் கித்தாரோடு சேர்த்து மேடையேற்றியது. 2021 மார்ச்சில் பாடகர்கள் அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளியானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் உழைத்து, அந்த மண்ணிலும் உரிமை பெறாமல் திரும்பிய தன் குடும்பத்தின் வழியாக அறிவு நிலமற்றவர்களின் வரலாற்றை அதில் பாடினார். அதற்கு அவர் கைக்கொண்டது, பெண்கள் சாவு வீட்டில் கூடிப் பாடும் ஒப்பாரியின் நடை.