ஜவ்வாது மலையும் கொக்கிப்புழுவும்: நுண்ணோக்கியிலிருந்து டி.என்.ஏ. வரை

கொக்கிப்புழு என்பது மனிதரின் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழும் சிறு புழு. நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஒரு புழு குடிக்கும் இரத்தம் மிகக் குறைவு. ஆனால் பல புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சும்போது உடலின் இரும்புச்சத்து குறைந்து இரத்தசோகை உண்டாகிறது. சித்த மருத்துவத்தில் பாண்டு எனப்படும் வெளிறிய நிலைக்கு உரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் அண்மைக் காலத்தில் நடந்த ஆய்வுகள், இப்புழுவைப் பற்றிய இரண்டு பழைய கேள்விகளைப் புதிதாக எழுப்பின. மாத்திரையை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. புழு யாரிடமிருந்து வருகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு நுண்ணோக்கியால் விடை தர இயலவில்லை. மூலக்கூற்று உயிரியல் தேவைப்பட்டது.

மலையும் மக்களும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய ஊராட்சிகள் உள்ளன. திருவண்ணாமலைப் பக்கத்தில் ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியம் உள்ளது. மலைவாழ் மக்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை உள்ளிட்ட சிறுதானியச் சாகுபடி, கால்நடை, காட்டுப் பொருள் சேகரிப்பு ஆகியவை அவர்களின் தொழில்கள். மண்ணில் கால் படாமல் நடக்கும் வேலை எதுவும் இவற்றில் இல்லை.

இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் மலை ஆய்வுகள் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் நடந்தவை. மலையும் தொழிலும் ஒன்றே என்பதால் அவற்றின் படிப்பினை புதூர்நாட்டுப் பக்கத்துக்கும் உரியது. எனினும் அந்த எண்களை அப்படியே அங்கு பொருத்திவிடக் கூடாது. ஊருக்கு ஊர் தொற்று மாறுபடும்.

புழுவின் வாழ்க்கைச் சுற்று

குடலில் வாழும் பெண் புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அவை மலத்துடன் வெளியேறி, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிகின்றன. ஒரு வாரம், பத்து நாளில் இளம்புழு தொற்றும் நிலையை அடைகிறது. வெறுங்காலுடன் அங்கு மிதிப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. இரத்தத்தின் வழியே இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சென்று, மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. சில வாரங்களில் முட்டையிடத் தொடங்குகிறது. மனித உடலுக்குள் இதன் எண்ணிக்கை பெருகுவதில்லை. ஒவ்வொரு புழுவும் மண்ணிலிருந்து தனியாக வந்ததாகும். ஆகவே மண் மாறாத இடத்தில், மாத்திரை உண்டு புழு நீங்கியவருக்கு மீண்டும் தொற்றுகிறது.

கண்டறியப்பட்ட வரலாறு

1838-ல் இத்தாலியின் மிலான் நகரில் ஆஞ்செலோ டூபினி என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் உடலைப் பிணக்கூறாய்வு செய்தபோது இப்புழுவைக் கண்டார். 1843-ல் அதற்கு ஆன்சைலோஸ்டோமா டியோடினேல் என்று பெயரிட்டார். அது உடலுக்குள் எப்படி நுழைகிறது என்பது அறுபது ஆண்டுகளாகத் தெரியவில்லை. கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானியரான ஆர்தர் லூஸின் கையில் இளம்புழுக்கள் கலந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. தோல் அரித்தது, பின்னர் அவருடைய மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன. தோல் வழியே புழு நுழையும் என்ற கருத்தை அவர் 1898-ல் வெளியிட்டார்.

1902-ல் அமெரிக்காவின் சார்லஸ் ஸ்டைல்ஸ் மனிதரைத் தாக்கும் இரண்டாவது இனத்தை விவரித்தார். அது இன்று நெக்கேட்டர் அமெரிக்கானஸ் எனப்படுகிறது. 'அமெரிக்கக் கொலையாளி' என்பது அப்பெயரின் பொருள். 1911-ல் லூஸ் இன்னோர் இனத்தை விவரித்தார். அது இலங்கையின் புனுகுப்பூனையிடமிருந்து கிடைத்ததால் ஆன்சைலோஸ்டோமா சிலானிகம் என்ற பெயர் பெற்றது. இரண்டு ஆண்டுகளில், 1913-ல், இந்தியாவில் பணியாற்றிய கிளேட்டன் லேன் அதே இனத்தை மனிதரிடமும் கண்டதாக எழுதினார். விலங்கின் புழு மனிதருக்கும் வரக்கூடும் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. ஆனால் அது பல பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டது. கொக்கிப்புழு இனங்களின் முட்டைகள் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இலங்கைத் தோட்டங்களும் சென்னை மாகாணமும்

1909-ல் ராக்பெல்லர் நிதியுதவியில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 1916-ல் அது இலங்கைக்கு வந்தது. அங்கு முதன்மையாகக் கருதப்பட்டவர்கள் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். 1920-களில் சென்னை மாகாணத்திலும் இதே அமைப்பு பணியாற்றியது. அக்காலத்தில் தைமால், கீனோபோடியம் எண்ணெய், கார்பன் டெட்ராகுளோரைடு ஆகியவை மருந்துகளாகக் கொடுக்கப்பட்டன. இவை புழுவைப் போக்கின. ஆனால் உண்பவருக்கும் கடுமையானவை.

இலங்கை அனுபவம் ஒரு பாடத்தை விட்டுச் சென்றது. மருந்து கொடுப்பது எளிது, கழிப்பிடம் கட்டுவது கடினம். கட்டுமானச் செலவை ஏற்கத் தோட்ட உரிமையாளர்கள் பலர் தயங்கினர். மருந்து உண்டவர்கள் அதே மண்ணுக்குத் திரும்பினர். புழுவும் அவர்களிடம் திரும்பியது.

பள்ளியில் மாத்திரை

அல்பெண்டசோல் மாத்திரை வந்தபின் நிலைமை மாறியது. விலை குறைவு, ஒரே வேளை, பக்கவிளைவும் குறைவு. இந்தியாவில் 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மாத்திரை தரப்படுகிறது. ஏறத்தாழ 25 கோடிப் பேரை இலக்காகக் கொண்ட இத்திட்டம், இவ்வகையில் உலகிலேயே மிகப் பெரியது. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் குழந்தைகளிடம் மிகுதி என்பதால் பள்ளி வழியே செல்வது பொருத்தமாகவே இருந்தது. கொக்கிப்புழுவின் கணக்கு வேறு என்பதை ஜவ்வாது மலை காட்டியது.

மலையில் கிடைத்த கணக்கு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஜவ்வாது மலையில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்குக் குடற்புழுத் தொற்று இருந்தது. ஏறத்தாழ அது முழுவதும் கொக்கிப்புழுவே.

பின்னர் டீவார்ம்3 என்ற பன்னாட்டு ஆய்வு வந்தது. பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் இது நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஊரார் அனைவருக்கும் மாத்திரை கொடுத்தால் புழு பரவுவதையே நிறுத்த முடியுமா என்பது அதன் கேள்வி. இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்டவை சமவெளியிலுள்ள திமிரி ஒன்றியமும் ஜவ்வாது மலை ஒன்றியமும் ஆகும். 36,536 வீடுகளில் 1,40,932 பேர் கணக்கெடுக்கப்பட்டனர். 2017 டிசம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை 6,089 பேரின் மல மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன.

இதற்குப் பயன்பட்டது காட்டோ-காட்ஸ் முறை. குறிப்பிட்ட அளவு மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, கிளிசரினில் ஊறிய தாளால் மூடி, முட்டைகளை எண்ணுவர். கொக்கிப்புழு முட்டைகள் கிளிசரினில் விரைவில் தெளிந்து மறைந்துவிடும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும்.

வயதையும் ஊரின் அளவையும் கணக்கில் கொண்டு சீராக்கியபின் தொற்று 21.4 விழுக்காடாக இருந்தது. அதில் கொக்கிப்புழு மட்டும் 21 விழுக்காடு. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளோடு ஒப்பிட்டால், வயது வந்தோரிடம் கொக்கிப்புழு இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 20 மடங்குக்கும் மேல். அண்மையில் மாத்திரை உண்டவர்களிடமும், பொருள் வசதியுள்ள வீடுகளிலும், குடும்பத் தலைவர் கூடுதலாகப் படித்திருந்த வீடுகளிலும் தொற்று குறைவு. மரஞ்செடி அடர்ந்த இடங்களில் தொற்று அதிகம். கொக்கிப்புழுத் தொற்றுகளில் 92.9 விழுக்காடு இலேசானவை என்பது ஆறுதலான செய்தி. ஆனால் புழுவின் பெரும்பங்கைச் சுமப்பவர்கள் பள்ளித் திட்டத்தின் வயது வரம்பைக் கடந்தவர்கள். குழந்தை மாத்திரை உண்டாலும் பெற்றோரின் வழியாக மண்ணுக்கு முட்டை வந்துகொண்டே இருக்கும்.

முட்டைக்குள் எழுதியிருக்கும் பெயர்

எண்ணிக்கை தெரிந்தது. எந்த இனம் என்பது? இதற்கு விடை தேடிய ஆய்வு, 2013 முதல் 2015 வரை மலையில் நடந்த புழுநீக்கச் சோதனையின் ஒரு பகுதியாகச் செய்யப்பட்டு 2016-ல் வெளிவந்தது.

இதில் பயன்பட்ட முறை இரண்டு கண்டுபிடிப்புகளின் சேர்க்கை. ஒன்று, 1983-ல் கேரி மல்லிஸ் உருவாக்கிய பி.சி.ஆர். முறை. இது டி.என்.ஏ.வின் ஒரு குறிப்பிட்ட துண்டைக் கோடிக்கணக்கில் படியெடுக்கும். அவருக்கு 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றொன்று, டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடத்தில் மட்டும் வெட்டும் நொதிகள். இவற்றுக்கான நோபல் பரிசு 1978-ல் வெர்னர் ஆர்பர், டேனியல் நேதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. இனத்துக்கு இனம் எழுத்து வரிசை மாறுவதால் துண்டுகளின் நீளமும் மாறும். அத்துண்டுகளைக் கூழ்மத்தில் மின்சாரம் செலுத்திப் பிரித்தால், ஒவ்வோர் இனத்துக்கும் தனிப்பட்ட பட்டைகள் தோன்றும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்த முட்டைகள் இங்கே வேறுவேறாகப் பிரிந்துவிடுகின்றன.

143 மனித மாதிரிகளில் 119-ல் கொக்கிப்புழு டி.என்.ஏ. உறுதியானது. அந்த 119-லும் நெக்கேட்டர் அமெரிக்கானஸ் இருந்தது. 8.4 விழுக்காட்டில் ஆன்சைலோஸ்டோமா டியோடினேலும் சேர்ந்திருந்தது. வியப்பளித்தது மூன்றாவது முடிவு. 16.8 விழுக்காட்டில், அதாவது 20 பேரின் மாதிரியில், ஆன்சைலோஸ்டோமா கேனினம் என்ற நாய்க் கொக்கிப்புழுவின் டி.என்.ஏ. காணப்பட்டது.

நாயும் மண்ணும்

இதையடுத்து ஆய்வாளர்கள் நாய்களின் மலத்தையும், மக்கள் மலம் கழிக்கும் இடங்களின் மேல்மண்ணையும் சோதித்தனர். 77 நாய் மாதிரிகளில் 68-ல் கொக்கிப்புழு உறுதியானது. அவற்றில் 76.5 விழுக்காட்டில் கேனினமும், 27.9 விழுக்காட்டில் இலங்கையின் பெயரைத் தாங்கிய சிலானிகமும் இருந்தன. மண்ணில் இளம்புழுக்கள் தென்பட்ட 78 மாதிரிகளில் 72-ல் கொக்கிப்புழு டி.என்.ஏ. கிடைத்தது. அதில் மிகுந்திருந்தது சிலானிகம், ஏறத்தாழ 60 விழுக்காடு. அடுத்தது கேனினம், ஏறத்தாழ 29 விழுக்காடு. மனிதர் அனைவரிடமும் இருந்த நெக்கேட்டர், மண்ணில் 1.4 விழுக்காடு மட்டுமே.

இம்முடிவை அவசரமாகப் படித்தால் நாயே குற்றவாளி என்று தோன்றும். அது சரியன்று. மனிதரின் மலத்தில் நாய்ப்புழுவின் டி.என்.ஏ. இருப்பதற்கு இரண்டு விளக்கங்கள் இயலும். புழு உண்மையிலேயே குடலில் வாழ்ந்திருக்கலாம். அல்லது மண்பட்ட கையாலோ உணவாலோ விழுங்கப்பட்ட நாய்ப்புழு முட்டை, தொற்றாமலே குடலைக் கடந்து வெளியேறியிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கேனினம் மனிதக் குடலில் தங்கி வயிற்றுவலியும் அழற்சியும் உண்டாக்கியது 1990-ல் விவரிக்கப்பட்டது. ஆனால் அந்நோயாளிகளிடம் புழு முட்டையிடும் அளவுக்கு முதிர்ந்திருக்கவில்லை. ஆகவே மலையில் கிடைத்தது உண்மைத் தொற்றா, கடந்து சென்ற முட்டையா என்பதை இந்த ஆய்வு தீர்த்துவைக்கவில்லை. நாய்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் சொன்ன முடிவு. டி.என்.ஏ. ஒரு புழுவின் பெயரைச் சொல்லும். அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாது.

இரண்டு கேள்விகளும் இன்றைய நிலையும்

முதல் கேள்விக்கு விடை தெளிவாகவே உள்ளது. கொக்கிப்புழு மிகுந்த இடத்தில் வயது வந்தோரை விட்டுவிட்டு நடத்தும் மாத்திரைத் திட்டம் பாதி வேலையே செய்யும். வயலில் உழைப்பவர், கருவுற்ற வயதிலுள்ள பெண் ஆகியோரின் இரத்தசோகை அத்திட்டத்தின் கணக்கில் வருவதில்லை.

இரண்டாவது கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துள்ளது. புழு உறுதியான எல்லா மனித மாதிரிகளிலும் இருந்தது மனிதரிடமிருந்து மனிதருக்கு மண் வழியே பரவும் நெக்கேட்டர்தான். எனவே கழிப்பிடமும் காலணியும் ஊர் முழுவதற்குமான மருந்தும் முதலிடம் பெறுகின்றன. நாய்களுக்கும் புழுநீக்க மருந்து தர வேண்டுமா என்பது அதற்கு அடுத்த கேள்வி. இது முக்கியம், ஏனெனில் விலங்கிலும் வாழும் புழு, மனிதர் அனைவரும் மாத்திரை உண்டாலும் அழியாது. 2014-ல் நெக்கேட்டரின் முழு மரபணுத் தொகுதியும், 2015-ல் சிலானிகத்தின் மரபணுத் தொகுதியும் வெளியிடப்பட்டன. புதிய மருந்துக்கும் தடுப்பூசிக்கும் உரிய இலக்குகள் இவற்றில் தேடப்படுகின்றன.

நூறு ஆண்டுகளுக்கு முன் இலங்கைத் தோட்டங்களில் தடையாக இருந்தது மருந்தன்று, கழிப்பிடம். மாத்திரை மேம்பட்டது, சோதனை முறை நுண்மையானது. சாமைக் கொல்லைக்குப் போகும் பாதையோரத்து மண் இன்னும் அதே பழைய தடையாகவே உள்ளது.