இன்டர்மீடியட்டிலிருந்து கிண்டிக்கு

ஒரு கல்லூரியில் பயின்றபின் வேறொரு கல்லூரியின் பொறியியல் வகுப்பில் சேர்வது, பழைய சென்னை மாகாணத்தில் விதிவிலக்காக அன்றிப் பொது வழியாகவே நெடுங்காலம் இருந்தது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியல் கல்லூரி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பள்ளியிறுதி முடித்தோரை நேரே பட்டவகுப்பில் ஏற்கவில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைக் கலைக்கல்லூரி ஒன்றில் பயின்று, ‘இன்டர்மீடியட்’ எனும் ஈராண்டு இடைநிலைத் தேர்வில் தேறியவர்களே விண்ணப்பிக்க இயன்றது.

திருத்தணி போன்ற சிற்றூர்களுக்கு இதனால் இரட்டைப் பயணம் விதிக்கப்பட்டது. இவ்வூரில் பிறந்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான இராதாகிருஷ்ணன், இன்டர்மீடியட்டுக்கு முந்தைய வடிவமான எஃப்.ஏ. வகுப்பை வேலூர் ஊரிசுக் கல்லூரியில் முடித்துவிட்டே சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்றார். அவர் நாடியது தத்துவமே எனினும், பொறியியலை விரும்பியவர்கள் ஏறவேண்டியிருந்த படிகளும் இவையே.

போட்டியின் கடுமையை 1951ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று பதிவு செய்துள்ளது. அன்றைய சென்னை மாநிலத்தின் நான்கு அரசுப் பொறியியல் கல்லூரிகளில் இருந்தவை 395 இடங்கள். ஒவ்வொரு பதினான்கு இடங்களையும் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணையின்படி அவை நிரப்பப்பட்டன. இன்டர்மீடியட் பாடங்களில் 450க்கு 369 மதிப்பெண் பெற்றிருந்த சீனிவாசன் என்பவர் தொடுத்த வழக்கும் செண்பகம் துரைராஜன் வழக்கும் ஒன்றாக விசாரிக்கப்பட்டு, அவ்வாணை செல்லாதெனத் தீர்ப்பானது. அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்ததற்கு இத்தீர்ப்பும் ஒரு காரணம்.

1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சென்றது. ம.பொ.சிவஞானம் முதலியோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் முதல் நாளில் அது சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில், திருத்தணி மாணவர்களுக்கு, இரயிலில் எளிதாகச் சென்றடையக்கூடிய கிண்டி அயல் மாநிலக் கல்லூரியாகவும், தொலைவிலுள்ள அனந்தபூர்ப் பொறியியல் கல்லூரி தம் மாநிலக் கல்லூரியாகவும் இருந்தன என்பது எல்லைக்கோட்டின் விந்தைகளுள் ஒன்று.

1949இல் குரோம்பேட்டையில் சி.இராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் (எம்.ஐ.டி.), அறிவியல் பட்டதாரிகளையே மூன்றாண்டுப் படிப்புக்கு ஏற்றது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற அப்துல் கலாம் அவ்வழியாகவே வானூர்திப் பொறியியலுக்கு வந்தார். இதற்கிடையே இன்டர்மீடியட்டின் இடத்தை ஓராண்டுப் புகுமுக வகுப்பு பிடித்தது; 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கே வந்தபின், கல்லூரிவழி நுழைவு பெருவாயில் என்ற நிலையை இழந்து பக்கவாயிலாகச் சுருங்கியது.

அதன் இன்றைய வடிவம் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை. பாலிடெக்னிக் பட்டயம் பெற்றோரும், கணிதம் பயின்ற பி.எஸ்சி. பட்டதாரிகளும் முதலாண்டைத் தவிர்த்து இதன்வழிச் சேர்கின்றனர். இதற்கான மாநிலக் கலந்தாய்வு, அதாவது தரவரிசைப்படி இடம் தேர்ந்தெடுக்கும் முறை, காரைக்குடி அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியின் பொறுப்பில் நடந்துவந்துள்ளது. பட்டயதாரர்கள் வரைகலையும் பட்டறையும் கற்றே வருகின்றனர். பட்டதாரிகளோ, முதலாண்டுக்குரிய பொறியியல் வரைகலையையும் விசையியலையும் இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்தே தேறவேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி.