காரன்வாலிஸ் பிரபு பெயரில் இரண்டு தேக்குக் கப்பல்கள்

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வரலாற்றுப் பாடத்தில் காரன்வாலிஸ் என்ற பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வரும். 1781 அக்டோபர் 19, அமெரிக்காவில் யார்க்டவுன். கடல் பக்கம் தெ கிராஸ் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் வழியை அடைத்துக்கொள்ள, தரையில் வாஷிங்டனும் ரோஷாம்போவும் முற்றுகையிட, ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் சரணடைந்தார். அந்தச் சடங்குக்கும் அவர் நேரில் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி, அடுத்த நிலை அதிகாரியை அனுப்பிவிட்டார். எங்களுக்கு அவர் தோற்றவர். அத்தோடு சரி.

வேலைக்காகத் திருப்பூர் வந்தபோது, தமிழ் வழியில் படித்த சக ஊழியர்கள் அதே மனிதரை 1793-ஆம் வருடத்து வங்காள நிலவரித் திட்டத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அவர் கவர்னர் ஜெனரல். தோற்ற கதை அவர்கள் புத்தகத்தில் இல்லை போலும்! கப்பல்கள் வராததால் தோற்ற ஒருவரின் பெயரைக் கப்பல்களுக்கு வைத்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கப்பல்களின் கதையில் நம் பக்கத்துச் சங்கதி நிறைய இருக்கிறது.

1786-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1790 முதல் திப்பு சுல்தானோடு மோதினார். அந்தப் போரில் நம் கோவைச் சீமையும் அடிபட்டது. கோவைக் கோட்டையைச் சால்மர்ஸ், நாஷ் என்ற இரண்டு இளம் அதிகாரிகள் மாதக்கணக்கில் காத்து நின்று, கடைசியில் 1791 நவம்பரில் திப்புவின் தளபதி கமருத்தீன் கானிடம் சரணடைந்தார்கள். மறுவருடம் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு பாதி ராஜ்யத்தைக் கொடுக்க வேண்டி வந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகள் பணயமாகப் போனார்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் சிலை நிற்கிறதே, அதன் பீடத்தில் செதுக்கியிருப்பது அந்தக் காட்சிதான். போனால் சிலையை விட்டுவிட்டுப் பீடத்தைப் பாருங்கள்.

அந்த உடன்படிக்கையில் சேலம் பக்கத்துப் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனிக்குப் போயின. கோவை மட்டும் 1799 வரை திப்புவிடமே இருந்தது. நம் கதைக்கு முக்கியமானது மலபார். மலபாரோடு அதன் தேக்குக் காடும் கம்பெனி கைக்கு வந்தது.

இங்கிலாந்தில் ஓக் மரம் குறைந்துகொண்டிருந்த காலம் அது. ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஆணி துருப்பிடிக்காது, மரமும் சீக்கிரம் இற்றுப்போகாது. ஆகவே பம்பாய்த் துறைமுகத்தில் தேக்கில் கப்பல் கட்டினார்கள். கட்டியவர்கள் சூரத்திலிருந்து 1736-ல் வந்து குடியேறிய பார்சிக் குடும்பம், வாடியாக்கள். மரத்துக்கு எவ்வளவு கிராக்கி என்றால், 1806-ல் வாட்சன் என்ற கேப்டனை மலபார்க் காடுகளுக்குக் காவலராகப் போட்டு, தேக்கு வெட்டும் உரிமை கம்பெனிக்கு மட்டுமே என்று ஆக்கிவிட்டார்கள். சொந்த நிலத்து மரத்தைக்கூட உடையவன் தொட முடியாது. ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்து, மன்றோ கவர்னராக இருந்தபோது அந்த ஏற்பாட்டை எடுத்தார். பிற்பாடு 1840-களில் நம் ஆனைமலைப் பக்கம் திரும்பினார்கள். மலை உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரித்து விட்ட இடம்தான் இன்று நாம் யானை பார்க்கப் போகும் டாப்ஸ்லிப்.

முதல் கப்பல் ‘மார்க்விஸ் காரன்வாலிஸ்’. ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா 1800 வாக்கில் கம்பெனிக்காகக் கட்டியது. 1805-ல் ஆங்கிலக் கடற்படை அதை விலைக்கு வாங்கியது. 1807-ல் பசிபிக் கடலில் போகும்போது அதன் கேப்டன் ஜான்ஸ்டன் கண்ட சிறு தீவுக்கு இன்றும் அவர் பெயர்தான். 1811-ல் பிரபுவின் பெயரை எடுத்துவிட்டு இந்தக் கப்பலுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? அக்பர்!

இந்தக் கப்பலைப் பற்றி வாடியா குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கட்டும்போது ஜம்ஷெட்ஜி அடிமரத்தில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு வரி செதுக்கிவிட்டாராம். இந்தக் கப்பலைக் கட்டியவன் ஒரு பாழாய்ப்போன கறுப்பன் என்று ஆங்கிலத்தில், வருடத்தோடு. அவர் காதில் விழுந்த வசவையே எழுதி வைத்திருக்கிறார். வருடங்கள் கழித்துக் கப்பல் பழுதுபார்க்க வந்தபோது அவரே அதைக் காட்டினாராம். வெளியே பிரபுவின் பெயர், உள்ளே இது. நடந்ததோ இல்லையோ, எனக்கு மிகவும் பிடித்த கதை.

இரண்டாவது ‘காரன்வாலிஸ்’ 74 பீரங்கிக் கப்பல். அதே ஜம்ஷெட்ஜியின் கைவேலை. 1813 மே 12 அன்று பம்பாயில் தண்ணீரில் இறங்கியது. முதல் அபின் யுத்தத்தில் சீனாவுக்குப் போனது. 1842 ஆகஸ்ட் 29 அன்று நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது இந்தக் கப்பலின் மேல்தான். ஹாங்காங் தீவு போயிற்று, ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன, 2 கோடியே 10 லட்சம் டாலர் தண்டம். அந்த யுத்தத்தில் சென்னை மாகாணத்துக் காலாட்படைகள் பல போயிருந்தன. 1841 மே மாதம் கான்டன் அருகே 37-வது சென்னைப் படையின் ஒரு பிரிவு கொட்டும் மழையில் வழிதவறி, பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து வெடிக்காமல், துப்பாக்கிச் சனியன்களை மட்டும் நீட்டிக்கொண்டு சதுரமாக நின்றிருக்கிறது. சுற்றிலும் சீனக் கிராமத்தார். நம் ஆட்களுக்கும் அவர்களுக்கும் என்ன பகை? இதை எந்த மொழிப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அதன்பின் கப்பலுக்கு நீராவி இயந்திரம் பொருத்தி, 1855-ல் ருஷ்யாவோடு நடந்த சண்டைக்காகப் பால்டிக் கடலுக்கு அனுப்பினார்கள். 1865-ல் இங்கிலாந்தில் ஷீர்னஸ் துறைமுகத்தில் நிறுத்தி, ஏறி இறங்கும் படித்துறையாக்கிவிட்டார்கள். 1916-ல் பெயரும் போய், ‘வைல்டுஃபயர்’ ஆனது.

கப்பல் கட்டிய வாடியாக்களோ, இரும்புக் கப்பல் வந்து மரத் தொழில் படுத்ததும் வேறு தொழில் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்து நவ்ரோஜி வாடியா 1879-ல் நூலுக்குச் சாயம் போடும் சின்னத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாம்பே டையிங்தான் அது.

பெயர் மாறிய அந்தத் தேக்குக் கப்பலை 1957-ல்தான் உடைத்தார்கள். இறங்கி 144 வருடம். நான் அப்போது பாண்டிச்சேரியில் சிலேட்டும் கையுமாக இருந்தேன்.